டோவிங் பிக்கப்பில் ஓட்டோ கியர்பாக்ஸ் சூடு: பெரிய கூலர் மாட்டினால் போதுமா?

செந்தூல்_ரிக்கவரி

வணக்கம் எல்லாருக்கும். 2.8 டீசல் பிக்கப், 6 கியர் ஓட்டோ, பின்னால் வீல் லிஃப்ட் (காரின் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் கை). அதோடு சேர்த்து வண்டி 2,300 கிலோ. இழுப்பது 1,100 முதல் 1,600 கிலோ வரையுள்ள கார்கள். ஸ்கேனரில் கியர்பாக்ஸ் சூடு இப்படி:

வெறும் வண்டி, நெடுஞ்சாலையில் 90: 84–88 டிகிரி.
கார் தூக்கிக்கொண்டு கேஎல் வட்டச்சாலை எம்ஆர்ஆர்2 ஜாமில்: 104–108.
கராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோலிலிருந்து கெந்திங் செம்பா வரை ஏறும்போது: 118, சில நேரம் 122.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கம்பெனி கூலர் மட்டும்தான் இப்போது. இந்தச் சூடு ஆபத்தா? வெளிக்கூலர் போட்டால் எந்த அளவு, எந்த இடம்? ரேடியேட்டரை விட்டுவிட்டு நேராக வெளிக்கூலருக்கே லைன் போடலாமா?

பிறை_கியர்பாக்ஸ்

முதலில் அந்த 122 எந்த இடத்துச் சூடு என்று பாருங்கள். பெரும்பாலான கியர் பெட்டிகளில் சென்சர் வால்வ் பாடியோடு சம்ப்பில் (அடித்தட்டில்) தேங்கும் ஆயிலில் முங்கிக் கிடக்கும். அது கூலருக்குப் போய்த் திரும்பி வந்து கலந்த ஆயில். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை விட்டு வெளியே வரும் ஆயில் ஏற்றத்தில் அதைவிட 20, 30 டிகிரி கூடுதலாக இருக்கலாம். டொயோட்டா ஏ750 போன்ற சில பெட்டிகளில் இரண்டு சென்சரும் உண்டு, நல்ல ஸ்கேனர் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். உங்கள் 122 சம்ப் சூடு என்றால் கன்வெர்ட்டர் வாயில் 145-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும்.

சம்ப்பில் 80–95 நிம்மதி. இழுக்கும்போது 100–110 வரை போனால் பரவாயில்லை. 120-ஐத் தாண்டி நின்றால் ஆயில் ஆக்சிஜனேற்றம் ஆகிக் கறுக்கும், வால்வுகளில் வார்னிஷ் படியும். 135, 140-ல் ரப்பர் சீல்கள் இறுகும். 150-ல் கிளட்ச் தட்டின் உராய்வுத் தாள் கருகத் தொடங்கும். 80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயில் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இன்றைய செயற்கை ஆயில்கள் அதைவிடத் தாங்கும், ஆனால் போகும் திசை அதுதான். ஏற்றத்தில் சில நிமிடம் 118 வந்து இறங்கினால் பெட்டி சாகாது. வாரம் முழுக்க அதே கதை என்றால் சாகும்.

கூலர் வாங்குவதற்கு முன் சூடு எங்கே பிறக்கிறது என்று கணக்குப் போடுங்கள். மொத்தம் 3,700 கிலோ, 6 விழுக்காடு சரிவு, 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் சக்கரத்துக்கு 48 கிலோவாட் அளவு வேண்டும். கியர்பாக்ஸுக்குள் 50-க்கு மேல் நுழைகிறது. கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் (அதன் இரு பக்கமும் ஒன்றாகப் பிடித்துச் சுற்றாமல்) நழுவி 15 விழுக்காட்டை இழந்தால் 7.5 கிலோவாட் முழுக்கச் சூடு. குளியலறையில் மாட்டும் 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் இரண்டைக் கியர்பாக்ஸுக்குள் திறந்துவிட்ட மாதிரி. குளிர்விப்பே இல்லையென்றால் 10 லிட்டர் கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்) அதில் நிமிடத்துக்கு 25 டிகிரி ஏறும். உலோகமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் அதற்குச் சற்றுக் குறைவு. லாக்-அப் பிடித்துவிட்டால் அந்த 7.5 ஏறக்குறைய பூச்சியம்; பம்ப்பும் பல்சக்கரமும் உண்டாக்குவது மட்டும் மிச்சம். பெரிய கூலர் போடுகிறவர்கள் பலர் இந்த அடைக்கக்கூடிய குழாயை அடைக்காமலேயே வாளியைப் பெரிதாக்குகிறார்கள்.

கோம்பாக்_டீசல்

கணக்கெல்லாம் சரிதான் பிறை அண்ணே, ஆனா ரேடியேட்டர் கூலர் நம்ம ஊருக்கு வேலைக்கு ஆகாது லா. வெளியில 34 டிகிரி, ஏசி ஃபுல், தண்ணி 95. அந்த 95 டிகிரி தண்ணிக்குள்ள விட்டு ஆயில எப்படிக் குளிர வைக்கிறது? பைபாஸ் பண்ணி, ஏசி கண்டென்சருக்கு முன்னால, தட்டு அடுக்கின மாதிரி இருக்குமே, அந்த ஸ்டேக்ட் பிளேட் கூலர் பெருசா ஒண்ணு மாட்டினா முடிஞ்சது. குளிர் நாட்டுல ஆயில் சூடாகணும்னு ரேடியேட்டர்ல விடுவாங்க. இங்க எதுக்கு?

இன்னொண்ணு, உள்கூலர் வெடிச்சா தண்ணியும் ஆயிலும் கலந்துடும். 2005–2010 காலத்து நிசான் பாத்ஃபைண்டர், ஃப்ரண்டியர் ரெண்டும் அமெரிக்காவுல அதுக்கே பேர் போனது. ரோஸ் மில்க் மாதிரி ஆயில் வெளிய வந்தா பெட்டியோட கதை முடிஞ்சது.

பிறை_கியர்பாக்ஸ்

கோம்பாக், உள்கூலர் ஓட்டை விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். கூலண்ட்டில் இருக்கும் கிளைக்காலும் தண்ணீரும் கிளட்ச் தட்டில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையையே இளக்கிவிடும். ஆயிலை மாற்றினாலும் ஏறிய தண்ணீர் தாளை விட்டுப் போகாது. பத்து வருடம் ஓடிய ரேடியேட்டர் என்றால், எந்த பிராண்டாக இருந்தாலும், டோவிங் வேலைக்கு முன் மாற்றிவிடுவது பெட்டி ஓவர்ஹாலைவிட மலிவு.

ஆனால் 95 டிகிரித் தண்ணீர் குளிர்விக்காது என்பது தப்பு. குளிர வேண்டிய ஆயில் 130-ல் வருகிறது. உள்கூலர் உட்கார்ந்திருப்பது ரேடியேட்டரின் வெளியேறும் பக்கத்து டேங்கில். அங்கே தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்துதான் வருகிறது, எஞ்சினுக்குள் இருப்பதைவிடப் பத்து டிகிரியாவது குறைவு. அதோடு திரவத்திலிருந்து திரவத்துக்குப் போகும் சூடு, திரவத்திலிருந்து காற்றுக்குப் போவதைவிடப் பல மடங்கு வேகம். ஜாமில் நிற்கும்போது வெளிக்கூலரின் மேல் காற்று ஏறக்குறைய இல்லை. தண்ணீர் பம்ப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செந்தூலின் 104–108 எம்ஆர்ஆர்2-ல் வந்த எண். பைபாஸ் செய்தால் கராக்கில் குறையும், ஜாமில் கூடும்.

வரிசை: கியர்பாக்ஸ், பிறகு ரேடியேட்டர் கூலர், பிறகு வெளிக்கூலர், பிறகு கியர்பாக்ஸ். தண்ணீர் பெருஞ்சூட்டை வாங்கிக்கொள்ளும். தண்ணீரின் சூட்டுக்குக் கீழே இறக்குவது காற்றின் வேலை. தலைகீழாகப் போட்டால் வெளிக்கூலர் 75-க்கு இறக்கிய ஆயிலை ரேடியேட்டர் மறுபடி 90-க்கு ஏற்றி அனுப்பும்.

பைபாஸ் சரி என்று நான் ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று: உள்கூலர் மேல் நம்பிக்கை இல்லை, வெளிக்கூலருக்குத் தனி மின்விசிறி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் செய்யுங்கள். விசிறி இல்லாத பைபாஸ் டோவிங் வண்டிக்கு ஆகாது.

ரவாங்_ஃபோர்வீல்

கராக் ஏற்றத்தில் டி-யில் விட்டு ஓட்டுவதுதான் பாதிப் பிரச்சினை. 65, 70-ல் போகும்போது பெட்டி 5-க்குத் தாவும், இழுவை போதாமல் லாக்-அப்பை விடும், மறுபடி 4-க்கு வரும். ஒவ்வொரு தடவையும் கிளட்ச் தேய்ந்து கொஞ்சம் சூடு, இடையில் கன்வெர்ட்டர் நழுவி நிறையச் சூடு. மேனுவல் பக்கம் தள்ளி எஸ்4-ல் (4-ஆம் கியரைத் தாண்டாத நிலை) பிடித்து வையுங்கள்.

லாக் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனரில் எஞ்சின் ஆர்பிஎம்மையும் டர்பைன் (கன்வெர்ட்டரின் கியர்பாக்ஸ் பக்கம்) ஆர்பிஎம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் 0–30 என்றால் லாக். சில புதுப் பெட்டிகள் அதிர்வு தெரியாமலிருக்க வேண்டுமென்றே 50 வரை நழுவவிடும், அதுவும் சரிதான். 200-க்கு மேல் என்றால் திறந்து கிடக்கிறது. டர்பைன் எண் வராத ஸ்கேனர் என்றால், ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். ஆர்பிஎம் 200–400 துள்ளினால் அதுவரை லாக் ஆகி இருந்தது, தொட்டதும் விட்டுவிட்டது என்று அர்த்தம். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

கெந்திங் மலை மேலே ஏறுவது வேறு கணக்கு. அந்த வளைவுகளில் 25, 30-ல் 1, 2 கியர்தான். பல 5, 6 கியர்ப் பெட்டிகளில் லாக்-அப் 3, 4-ல்தான் தொடங்கும். 8, 10 கியர்ப் பெட்டிகள் சீக்கிரமே பிடித்துவிடும். அந்த ரோட்டில் ஓட்டும் விதத்தால் தப்பிக்க முடியாது, கூலர்தான் காப்பாற்ற வேண்டும்.

பிஎல்யுஎஸ் நெடுஞ்சாலையில் பினாங்குக்கு இழுக்கிறவர்களுக்கு இதே வித்தை ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கம் வரைக்கும் பொருந்தும். அங்கே ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் பிடித்து வையுங்கள். சூடு ஏறிய பிறகு பிடித்தால் இறங்க நேரமாகும்.

செந்தூல்_ரிக்கவரி

ஸ்கேனரில் பார்த்தேன். 65-ல், டி-யில் 5 விழுந்ததும் எஞ்சின் 1,700, டர்பைன் 1,210. எஸ்4-ல் எஞ்சின் 1,770, டர்பைன் 1,765. எஸ்4-ல் செம்பா போகும்போது சூடு 109-ஐத் தாண்டவில்லை.

ஆர்பிஎம் ஏறக்குறைய ஒன்றுதானே இருக்கிறது, பிறகு எப்படி இவ்வளவு வித்தியாசம்?

ரவாங்_ஃபோர்வீல்

5-ல் வேக விகிதம் 1,210 வகுத்தல் 1,700, அதாவது 0.71. கன்வெர்ட்டர் முறுக்குவிசையைக் கொஞ்சம் பெருக்கித் தருவதால் முழு 29 விழுக்காடும் போகாது. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு ஆயிலுக்குள் சூடாகப் போகிறது. எஸ்4-ல் அது இல்லை. டாஷ்போர்டு ஆர்பிஎம்மை வைத்து மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, சத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

லாக் ஆகிவிட்டது என்று 1,400-ல் முக்கி முக்கி ஏறவும் வேண்டாம். சுமையோடு 1,700-க்கு மேல் வைத்திருங்கள். அதற்குக் கீழே போனால் 3.

கோம்பாக்_டீசல்

லாக்-அப் கிட்னு ஒண்ணு ஆஸ்திரேலியாவுல விக்கிறாங்க. ஸ்விட்ச் போட்டா வேணுங்கிற கியர்ல லாக் ஆகும். அதையும் சொல்லுங்க.

பிறை_கியர்பாக்ஸ்

அது இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தான் கேட்காத நேரத்தில் லாக் ஆகியிருப்பது தெரியாமல் லைன் பிரஷரை (கிளட்சை இறுக்கும் ஆயில் அழுத்தம்) குறைத்து வைத்திருந்தால், லாக்-அப் கிளட்ச் பாதிப் பிடியில் தேய்ந்து எரியும். எஞ்சின் ரீமேப் செய்து முறுக்குவிசையைக் கூட்டிய வண்டியில் இன்னும் மோசம். பிரஷரையும் சேர்த்துக் கையாளும் கிட் என்றால் யோசிக்கலாம். சோலனாய்டுக்கு நேராக 12 வோல்ட் கொடுக்கும் ஒயர் வேலை என்றால் தொடாதீர்கள். இன்றைய பெட்டிகளில் அது ஆன்-ஆஃப் சோலனாய்டே இல்லை, துடிப்பு அளந்து கட்டுப்படுத்துவது.

இனி கூலர். 3.5 டன் மொத்த எடைக்கு ஸ்டேக்ட் பிளேட் வகை, சுமார் 28 × 20 சென்டிமீட்டர் முகம், 4 சென்டிமீட்டர் தடிமன் குறைந்தபட்சம். குழாய்-ஃபின் வகை மலிவு, ஆனால் அதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கேட்கும். மாட்டும்போது ஃபின் வழியாகக் குத்தி இறுக்கும் பிளாஸ்டிக் ஊசி கூலரோடு சேர்ந்து வரும். அதைக் குப்பையில் போடுங்கள். அதிர்வில் அது கண்டென்சர் குழாயை அரைத்து ஏசி கேஸையும் கொண்டுபோகும். நாலு மூலைக்கும் தட்டை இரும்பில் பிராக்கெட் செய்து, கண்டென்சருக்கும் கூலருக்கும் 10–20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டுங்கள். வாய்கள் மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ் நோக்கினால் மேலே காற்று தங்கிப் பாதிக் கூலர் சும்மா கிடக்கும்.

ஹோஸ்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிற இடம். பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் எதுவும் கூடாது. எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட கியர்பாக்ஸ் கூலர் ஹோஸ், பெரும்பாலும் 3/8 இன்ச். வெட்டிய இரும்புக் குழாயில் ஹோஸ் ஏறும் நுனிக்கு முன்னால் சின்ன வளையம் எழுப்ப வேண்டும். மொட்டைக் குழாயில் ஹோஸ் ஏற்றி கிளிப் போட்டால் சூட்டில் வழுக்கி வெளியே வரும், நெடுஞ்சாலையில் ஒரு நிமிடத்துக்குள் ஆயில் முழுக்க ரோட்டில். கிளிப் விளிம்பு மழுங்கிய எஃப்ஐ வகை. பல்லுள்ள சாதாரண கிளிப் ஹோஸை அறுக்கும்.

எது போகிற லைன், எது திரும்புகிற லைன்? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள், முதலில் சூடாவது போகிற லைன். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு உள்ள பெட்டிகளில் 80, 90 டிகிரி வரை லைனில் ஓட்டமே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு அடைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வேலை முடிந்ததும் ஓட்டம் அளக்கலாம்: திரும்புகிற லைனை ஓர் அளவுக்குடுவையில் விட்டு, சூடான பெட்டி, ஐடில், 20–30 வினாடியில் ஒரு லிட்டர் வர வேண்டும். வெளியே வந்த அளவை உடனே திருப்பி ஊற்றுங்கள். வெகுவாகக் குறைவாக வந்தால் கூலரிலோ ஃபில்டரிலோ அடைப்பு. கிளட்ச் எரிந்து ஓவர்ஹால் செய்த பெட்டிக்குப் பழைய ஸ்டேக்ட் பிளேட் கூலரைத் திரும்ப மாட்டக் கூடாது. உள்ளே தங்கிய தூளை எந்த பிளஷ்ஷும் முழுக்க எடுக்காது, புதுப் பெட்டிக்குள் அதுதான் முதலில் போகும்.

ஜெலுத்தோங்_வயரிங்

விசிறி பகுதியை நான் சொல்கிறேன். 10 இன்ச் ஸ்லிம் ஃபேன் போதும், 7 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். ரிலேயின் சுருளுக்கு இக்னிஷன் லைன், எர்த் பக்கம் தெர்மோஸ்விட்ச். ஸ்விட்ச் கூலருக்குள் நுழைகிற லைனில் இருக்கட்டும், 90-ல் ஆன், 80-ல் ஆஃப். திரும்புகிற லைனில் வைத்தால் ஏற்கெனவே குளிர்ந்த ஆயிலைப் பார்த்துவிட்டு ஃபேன் தூங்கும். கேபினுக்குள் ஒரு கைமுறை ஸ்விட்ச்சும் கொடுங்கள், ஏற்றத்துக்கு முன்னாலேயே போட்டுவிடலாம்.

கூலருக்கு முன்னால் ஃபேன் என்றால் தள்ளும் வகை, பின்னால் என்றால் இழுக்கும் வகை. திசை தவறினால் வண்டி ஓடும் காற்றோடு ஃபேன் மோதிக்கொண்டு இருக்கும், சூடு குறையாது, காரணமும் எளிதில் பிடிபடாது. ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பினாங்குத் தீவில், அதுவும் பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்கு: கடல் உப்பு அலுமினிய ஃபின்னைத் தின்னும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர், குறைந்த அழுத்தத்தில். ஜெட் வாஷ் ஃபின்னை மடக்கிவிடும்.

செந்தூல்_ரிக்கவரி

எஞ்சினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன் இருக்கிறதே, அது ஜாமில் போதாதா?

ஜெலுத்தோங்_வயரிங்

நல்ல நிலையில் இருந்தால் நிறைய உதவும். சூடான எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிசுபிசுவென்று எதிர்த்து உடனே நின்றால் சரி. லேசாக இரண்டு மூன்று சுற்று ஓடினால் உள்ளே சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. அது செத்தால் முதலில் தண்ணீர்ச் சூடு ஏறும், பின்னாலேயே கியர்பாக்ஸ் சூடும் ஏறும். பலர் கியர்பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டு திரிவது இந்த ஃபேனால்தான்.

தெலுக்பஹாங்_படகு

டோவிங் வண்டியைவிட படகு ஏற்றுகிற சரிவில்தான் பெட்டி சீக்கிரம் வேகும். பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்துகிறார்களே, அதைச் செய்யவே கூடாது. 1,800 ஆர்பிஎம், 250 நியூட்டன்மீட்டர் என்றால் 47 கிலோவாட். சக்கரம் சுற்றவில்லை, அதனால் அத்தனையும் சூடு. 20 வினாடியில் 50 டிகிரி ஏறும். சம்ப் சென்சர் அதைத் தாமதமாகத்தான் காட்டும், அதற்குள் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கருகியிருக்கும். ஸ்டால் டெஸ்ட்டுக்கே (பிரேக் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தும் சோதனை) 5 வினாடிக்கு மேல் கூடாது என்பார்கள்.

சரிவில் 4எல் (ஃபோர்வீல் லோ) போட்டு ஏறுங்கள். அதே இழுவைக்குக் கன்வெர்ட்டர் மேல் சுமை பாதிக்கும் கீழே. ஈரத் தளம் என்பதால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளாது. கேஎல் காண்டோ பேஸ்மென்ட் சரிவில் இதையே செய்யலாமா என்று கேட்டால், நேர்ச் சரிவு மட்டும் என்றால் செய்யலாம். சுற்றி வளைந்து ஏறும் காய்ந்த சிமெண்டுத் தளத்தில் பார்ட்-டைம் ஃபோர்வீலைப் போட்டு ஸ்டியரிங் ஒடித்தால் முன் பின் ஷாஃப்ட் முறுக்கும். அங்கே டூவீல் டிரைவிலேயே, நிற்காமல், ஒரே மூச்சில் ஏறுவது நல்லது.

இழுக்கப்படும் காரையும் பாருங்கள். ஹேண்ட்பிரேக் பாதி பிடித்திருந்தாலோ, தரையில் உருளும் டயரில் காற்று குறைந்திருந்தாலோ அந்தச் சுமை முழுக்க உங்கள் கன்வெர்ட்டருக்குத்தான்.

செந்தூல்_ரிக்கவரி

ஜாமில் நிற்கும்போது டி-யில் பிரேக் பிடித்து நிற்பதும் இதே மாதிரிதானா? ஆயில் விஷயமும் சொல்லுங்கள். பட்டறையில் போமன் (மெக்கானிக்) "லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்" என்கிறார்.

பிறை_கியர்பாக்ஸ்

ஐடிலிலும் அதே விதிதான், அளவு மட்டும் சிறியது. 750 ஆர்பிஎம்மில் கன்வெர்ட்டர் 30 நியூட்டன்மீட்டர் வாங்கினால் 2.4 கிலோவாட் சூடு. காற்று இல்லை, பம்ப் ஓட்டமும் குறைவு. உங்கள் 104–108 இப்படி ஏறியதுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பது உறுதியென்றால் என்-னுக்குத் தள்ளி ஹேண்ட்பிரேக் போடுங்கள். பத்து வினாடிக்கு ஒரு முறை நகரும் ஜாமில் என்-டி என்று ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பிடிக்க வேண்டியிருக்கும். சூடு ஏறிவிட்டது என்று ஓரம் கட்டினால் எஞ்சினை அணைக்காதீர்கள். என்-னில் வைத்து 1,200 ஆர்பிஎம், மூன்று நான்கு நிமிடம். பம்ப் ஆயிலைக் கூலர் வழியாகச் சுற்றட்டும். அணைத்துவிட்டால் கன்வெர்ட்டருக்குள் மாட்டிய ஆயில் அங்கேயே வேகும்.

ஆயில். "லைஃப்டைம்" என்பது சாதாரண ஓட்டத்துக்குச் சொல்வது. டோவிங் வண்டிக்கு 40,000 கிலோமீட்டர் சரியான இடைவெளி, 120-ஐ அடிக்கடி தொட்டால் அதற்கும் முன்னால். பெட்டி கேட்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். டொயோட்டாவின் 6 கியருக்கு டபிள்யூஎஸ், ஃபோர்டு 6ஆர்80-க்கு மெர்கோன் எல்வி, 10ஆர்80-க்கு மெர்கோன் யுஎல்வி. பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று எல்வி-யையும் யுஎல்வி-யையும் மாற்றி ஊற்றினால் பாகுத்தன்மை மாறி ஷிஃப்ட் நேரமே கலைந்துபோகும். "எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆயில்" என்று டிரம்மிலிருந்து ஊற்றுகிற கடையில் டின்னைக் காட்டச் சொல்லுங்கள்.

ட்ரெய்ன் பிளக்கைத் திறந்தால் 10 லிட்டரில் 3.5 லிட்டர்தான் இறங்கும். கன்வெர்ட்டரிலும் கூலரிலும் இருப்பது இறங்காது. ஒரு தடவை செய்தால் 35 விழுக்காடு புதுசு, சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று தடவை செய்தால் 70-க்கு மேல். இறக்கியதை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். கூலர் புதிதாகப் போட்டிருந்தால் கூலருக்கும் ஹோஸுக்கும் இன்னும் அரை லிட்டர் போல வாங்கும்.

லெவலில்தான் கடைகள் அதிகம் சொதப்பும். 10 லிட்டர் ஆயில் 40-லிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 0.4 லிட்டர் விரியும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கையேடு சொல்லும் சூட்டில் ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து சொட்டுச் சொட்டாக வடியும்போது மூட வேண்டும். அந்தச் சூடு மாடலுக்கு மாடல் மாறும், டொயோட்டாவில் பெரும்பாலும் 35-க்கும் 55-க்கும் நடுவில் குறுகிய ஓர் இடைவெளி. நம் ஊர் வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் அதைத் தாண்டிவிடும், அதனால் காலையில் முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்லுங்கள். 90-ல் பார்த்து மூடினால் லெவல் குறைவு, பம்ப் வளைவில் காற்றை உறிஞ்சும். கூடுதலாக ஊற்றினாலும் நல்லதில்லை: சுற்றும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் பிரஷர் நிற்காது, கிளட்ச் நழுவும், நழுவினால் சூடு. குறைவும் கூடுதலும் கடைசியில் ஒரே நோயில்தான் கொண்டுவிடும்.

அடித்தட்டான பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை சாதாரணம். கறுப்புத் தூள் குவியலும் கருகிய வாடையும் இருந்தால் கிளட்ச் தாள். மின்னும் சில்லுகள் இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும், ஆயிலால் தீராது. 60–80 வேகத்தில் லாக்-அப் பிடிக்கும்போது சரளை ரோட்டில் போவது போல் உதறினால் முதலில் ஆயில் மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதோடு போய்விடும்.

கோம்பாக்_டீசல்

சரி, ஃபேனோட பைபாஸ்னு ஒத்துக்கிறேன், ஃபேன் இல்லாம வேணாம். அலுமினியம் டீப் பேன் எப்படி? 2, 3 லிட்டர் கூட பிடிக்கும்.

பிறை_கியர்பாக்ஸ்

சூடு ஏறுவதைச் சில நிமிடம் தள்ளிப்போடும். சின்ன ஏற்றத்துக்கு அது போதும், கராக் நீளத்துக்குப் போதாது. அந்தக் காசில் விசிறி போடலாம். பேன் கீழே தொங்கிக்கொண்டு கல்லில் அடிபடுவது தனி.

ரவாங்_ஃபோர்வீல்

33 இன்ச் டயர் போட்டிருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால்: டயர் பெரிதானால் கியர் விகிதம் உயர்ந்துவிடும், அதே வேகத்தில் டர்பைன் ஆர்பிஎம் குறையும், லாக்-அப் தாமதமாகப் பிடிக்கும். கூலர் கேட்பதற்கு முன் டயர் அளவைச் சொல்லுங்கள்.

தெலுக்பஹாங்_படகு

பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாயான பிரீதர் பற்றி யாரும் சொல்லவில்லை. வேலை செய்து 100 டிகிரியில் இருக்கும் பெட்டி தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும், பிரீதர் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். படகுச் சரிவில் மட்டுமில்லை, கேஎல் திடீர் வெள்ளத்தில் கார் இழுக்கப் போகிறவர்களுக்கும் இதுதான். ஹோஸை நீட்டி எஞ்சின் பேயில் ஃபயர்வால் உச்சிக்கு ஏற்றி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, சின்ன ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். முன் பின் டிஃப், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரீதர்களையும் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.

செந்தூல்_ரிக்கவரி

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்தது: ரேடியேட்டர் புதுசு, வரிசையில் அடுத்து 28 × 20 கூலர், 10 இன்ச் ஃபேன், பிரீதர் நீட்டிப்பு. எல்லாம் மாட்டி முடித்ததும் மூன்று தடவை ட்ரெய்ன். ஏற்றத்தில் எஸ்4. இதில் எதையாவது மாற்ற வேண்டுமா?

பிறை_கியர்பாக்ஸ்

முதல் ட்ரெய்னை மட்டும் கூலர் மாட்டும் முன்பே செய்யுங்கள். பழைய ஆயிலில் மிதக்கும் தூள் புதுக் கூலரின் தட்டுகளில் போய் உட்கார வேண்டாம். அந்த ட்ரெய்னிலேயே பேனைக் கழற்றிக் காந்தத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கறுப்புக் குவியல் இருந்தால் கூலருக்குப் பணம் கட்டும் முன் பேசிக்கொள்வோம்.